வாரம் ஓர் அத்தியாயம்: பள்ளத்தூர்ப் பட்டாலையில் ஒரு மர்மக் கதைத் தொடர்

தாய் தகப்பனைத் தீயில் இழந்த மூன்று பிள்ளைகளை, சொத்துக்காக ஒருவன் வீடு வீடாகத் துரத்துகிறான். அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறது ஒரு கதைத் தொடர். இதை ஒன்பது முதல் பதின்மூன்று வயது வரையிலான பிள்ளைகளோடு எப்படிப் படிப்பது? வாரத்துக்கு ஓர் அத்தியாயம், அதற்கு மேல் ஒரு வரிகூடக் கிடையாது என்று வைத்துக்கொண்டு முதல் மூன்று நூல்களைப் படித்து முடித்திருக்கிறோம். அங்கே என்ன நடந்தது, பிள்ளைகள் எதைப் பிடித்துக்கொண்டார்கள், எங்கே இடறியது என்பதை எழுதி வைக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே மூச்சில் படித்தால் இது வில்லன் கதை. நிறுத்தி நிறுத்திப் படித்தால், பெரியவர்கள் ஏன் பிள்ளைகள் சொல்வதைக் கேட்பதில்லை என்ற கதை.

தொடரைப் பற்றி

அமெரிக்க எழுத்தாளர் டேனியல் ஹேண்ட்லர், லெமனி ஸ்னிக்கெட் என்ற பெயரில் எழுதிய 'எ சீரிஸ் ஆஃப் அன்ஃபார்ச்சுனேட் ஈவென்ட்ஸ்' 13 நூல்கள் கொண்டது. முதல் நூல் 1999 செப்டம்பரிலும் கடைசி நூல் 2006 அக்டோபரிலும் வந்தன. ஒவ்வொரு நூலிலும் 13 அத்தியாயங்கள். கடைசி நூலில் மட்டும் பதினான்காவதாக ஒன்று தனியாக நிற்கும். மூத்தவள் வயலட்டுக்கு வயது 14. கருவிகள் செய்பவள், யோசிக்கும்போது தலைமுடியை ரிப்பனால் கட்டிக்கொள்வாள். தம்பி க்ளாஸுக்கு 12, படிப்பாளி. கடைக்குட்டி சன்னி கைக்குழந்தை. பல்தான் அவளுடைய ஆயுதம். கதை சொல்பவர் பக்கத்துக்குப் பக்கம் "இதைப் படிக்காதீர்கள், வேறு புத்தகம் எடுங்கள்" என்று எச்சரிப்பார். பிள்ளைகள் முதலில் சிரித்தது அதற்குத்தான்.

களம்

வாசிப்பு நடந்தது காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூரில், எங்கள் உறவினர் வீட்டுப் பட்டாலையில், அதாவது கூடத்தில். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவற்றுக்கும் உள்ள நிலைமைதான் அந்த வீட்டுக்கும். பல புள்ளிகளுக்கு, அதாவது பங்காளிக் குடும்பங்களுக்குப் பொது. வளவு எனும் நடுமுற்றப் பகுதியைச் சுற்றியுள்ள அறைகளில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கும். சாவிகள் சென்னையிலும் கோவையிலும் மலேசியாவிலும் இருக்கின்றன. நிரந்தரமாக வீட்டில் இருப்பவர் எண்பது வயதைத் தாண்டிய ஆச்சி ஒருவர்தான். சனிக்கிழமை வெயில் தாழ்ந்ததும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்து ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உட்காருவார்கள். சிலர் காரைக்குடியில் ஆங்கிலவழியில் படிப்பவர்கள், சிலர் உள்ளூரில் தமிழ்வழி. இரண்டு பேருக்கும் கதை ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதால், ஒரு பக்கத்தை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு உடனே தமிழில் சொல்வேன்.

பகுதி பகுதியாகப் படிப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. புரட்டாசியில் ராமாயணம் படிக்கிற வழக்கம் உள்ள ஊர்கள் இவை. அன்றைய பகுதி முடிந்தால் ஏட்டைக் கட்டி வைத்துவிட வேண்டியதுதான், மிச்சம் மறுநாள். அதனால் எங்கள் விதியை ஆச்சிக்கு விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. துப்பறியும் கதையும் இங்கே அயல் சரக்கில்லை. சங்கர்லாலைப் படைத்த தமிழ்வாணன் தேவகோட்டைக்காரர். தொடர்கதைக்காக வாரம் முழுக்கக் காத்திருந்து பழகியது ஆச்சியின் தலைமுறை. காத்திருக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகள்தான், பழகியதும் அவர்கள்தான்.

விதிகள்

முன்னால் படித்துவிட்டு வரக்கூடாது. 2004இல் வந்த சினிமாவையோ, 2017 முதல் 2019 வரை நெட்ஃபிளிக்ஸில் வந்த தொடரையோ இப்போது பார்க்கக்கூடாது. அத்தியாயம் முடிந்ததும் ஆளுக்கு ஓர் ஊகம் சொல்ல வேண்டும், அது நோட்டில் ஏற வேண்டும். எனக்கும் ஒரு விதி உண்டு: கதையை இளக்கிச் சொல்லக்கூடாது, இதுவரை படித்ததில் இருப்பதை மட்டும் வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நோட்டைப் பேரேடு மாதிரி கோடு போட்டவள் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அவள் வீட்டுப் பரணில் பழைய கணக்குப் புத்தகங்கள் கிடக்கின்றன. கதை நமக்குக் கொடுத்த துப்பு வரவுப் பக்கம், நாம் கதைக்குக் கொடுத்த ஊகம் பற்றுப் பக்கம். ஊகம் பலித்தால் அந்தக் கணக்கை நேர் செய்து கோடு இழுப்பார்கள். பலிக்காவிட்டால் அப்படியே நிற்கும், அழிக்கக் கூடாது. இந்த நோட்டு இல்லாமல் வாரம் ஓர் அத்தியாயம் என்பது வெறும் இழுவையாகத்தான் இருந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்வேன். போன வாரம் என்ன நினைத்தோம் என்பதைத் தங்கள் கையெழுத்திலேயே பார்ப்பது பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம்.

முதல் அத்தியாயமும் ஒரு கேள்வியும்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு பையனுக்கு அப்பா இல்லை. தொடங்கும் முன்பே அவன் அம்மாவிடம் போய் முதல் அத்தியாயத்தை முழுக்கச் சொன்னேன். கடற்கரையில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் பெற்றோரின் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் மிஸ்டர் போ என்ற வங்கிக்காரர் இருமிக்கொண்டே வந்து, வீடு எரிந்துவிட்டது, பெற்றோர் இறந்துவிட்டார்கள் என்று சொல்கிறார். அவர் பயன்படுத்திய சொல்லுக்கு அவரே பொருளும் சொல்கிறார். எங்களுக்குப் பொருள் தெரியும் என்று க்ளாஸ் கோபப்படுகிறான். அந்த அம்மா கேட்டுவிட்டு, "அவன்கிட்டயே கேளுங்க. வரேன்னா வரட்டும்" என்றார். பையன் வருகிறேன் என்றான்.

அந்த அத்தியாயம் படித்த அன்று மற்ற பிள்ளைகள் தீ எப்படிப் பற்றியிருக்கும், யார் வைத்திருப்பார்கள் என்று ஊகம் ஊகமாகச் சொன்னார்கள். இவன் ஊகம் சொல்லவில்லை. "அன்னிக்கு ராத்திரி அவங்க எங்க தூங்குனாங்க?" என்று மட்டும் கேட்டான்.

நூலில் அதற்கு விடை இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. மிஸ்டர் போவின் வீட்டில், அவருடைய இரண்டு மகன்களின் அறையில் தூங்குகிறார்கள். அவர் மனைவி வாங்கித் தந்த உடைகள் நிறமும் சரியில்லை, உடம்பெல்லாம் அரிக்கவும் செய்கின்றன. அடுத்த வாரம் அந்தப் பகுதி வந்ததும் அதை இரண்டு முறை படித்தேன். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். துக்கத்தைப் பற்றிப் பெரிய பேச்சு எதுவும் பேசாமல், யார் வீட்டில் படுத்தார்கள், எந்தச் சட்டை அரித்தது என்று எழுதியிருக்கிறாரே, அதுதான் இந்தத் தொடரின் நேர்மை என்று நினைக்கிறேன். இழவு வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த துக்கம் அந்த அளவில்தான் இருக்கிறது. பெரியவர்கள் "கடவுள் இருக்கார்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, பிள்ளைக்கு மாற்றுச் சட்டை எங்கே என்பதுதான் கவலை. அவன் அதன்பின் தவறாமல் வந்தான். கதைசொல்லியின் எச்சரிக்கைகளுக்கு வட்டத்திலேயே அதிகம் சிரித்ததும் அவன்தான்.

அறையும் சிரிப்பும்

பிள்ளைகளைப் பொறுப்பெடுக்கும் கவுன்ட் ஓலாஃப் ஒரு நாடக நடிகன். அழுக்கு வீடு, கணுக்காலில் கண் வடிவத்தில் குத்திய பச்சை. தன் நாடகக் கூட்டாளிகளுக்குச் சமைக்கச் சொல்கிறான். பிள்ளைகள் பக்கத்து வீட்டு நீதிபதியம்மாவின் நூலகத்தில் செய்முறை தேடி, இருந்த காசுக்குச் சாமான் வாங்கிப் பாஸ்தா செய்து வைக்கிறார்கள். மாட்டிறைச்சி எங்கே என்று கேட்டு, க்ளாஸை முகத்தில் அறைகிறான் அவன். அதுவரை ஓலாஃபை நடித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சட்டென்று அடங்கினார்கள். அத்தியாயம் முடிந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. இனி வரும் வாரம் அவர்கள் யாரிடம் சொல்வார்கள் என்பதே அன்றைய ஊகம் முழுவதும். எல்லோரும் மிஸ்டர் போ பேரையே எழுதினார்கள்.

அடுத்த வாரம் பிள்ளைகள் வங்கிக்குப் போய் மிஸ்டர் போவிடம் சொல்கிறார்கள். அவர் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருந்துவிட்டு, பொறுப்பாளர் தன் விருப்பப்படி வளர்க்கலாம் என்று சட்டம் பேசி அனுப்பிவிடுகிறார். பேரேட்டில் ஒரு வரி விடாமல் எல்லா ஊகமும் பொய்த்த வாரம் அது. பிள்ளைகளுக்கு ஓலாஃப் மேல் வந்ததைவிட மிஸ்டர் போ மேல் கோபம் அதிகம். ஒரே நாளில் தொடர்ந்து படித்திருந்தால் அறை விழுந்த பக்கத்திலிருந்து வங்கிப் பக்கத்துக்கு நிமிடங்களில் போயிருப்போம். ஏழு நாள் நம்பிக்கையோடு காத்திருந்துவிட்டு அந்தக் கதவு மூடுவதைப் பார்த்தபோதுதான், கேட்கப்படாத பிள்ளையின் நிலை இவர்களுக்கு உறைத்தது.

ஆச்சி வாய் திறந்ததும் அன்றைக்குத்தான். கடன் கொடுக்கல் வாங்கலிலேயே வளர்ந்த குடும்பம். அவர் தகப்பனார் பர்மாவில் வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது ஏஜெண்டுக்கு அடுத்த நிலையில் இருந்தவர். "பணத்துக்கு ஒருத்தர, பிள்ளைகளுக்கு ஒருத்தர வைக்கணும். ரெண்டையும் ஒரே ஆளு பாத்தா பணத்தத்தான் பாப்பாக. நம்ம பக்கத்துல பங்காளிகளக் கூட்டிக் கேட்டுருப்பாக" என்றார். "பங்காளியே கெட்டவரா இருந்தா, ஆச்சி?" என்று ஒரு பையன் கேட்டான். ஆச்சி சற்று யோசித்து, "அப்ப ஊரக் கூட்டணும்" என்றார். பையன் ஒத்துக்கொள்ளவில்லை. ஓலாஃபும் உறவுக்காரன்தானே என்று நின்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. பிள்ளைகளை ஓலாஃபிடம் ஒப்படைத்ததற்குக் காரணமே உறவுமுறைதான்.

கையெழுத்து

முதல் நூலின் பிற்பகுதிதான் இந்த நிகழ்வின் நடுமையம். ஓலாஃப் ஒரு நாடகம் போடுகிறான். அதில் கல்யாணக் காட்சி. மணமகளாக வயலட், நீதிபதி வேடத்தில் உண்மையான நீதிபதியம்மா. சட்டப்படி நடக்கும் கல்யாணமாக அது ஆகிவிட்டால் சொத்து அவன் கைக்கு வரும். வயலட் மறுக்காதிருக்க, குழந்தை சன்னியைக் கூண்டில் அடைத்துக் கோபுரத்தில் தொங்கவிட்டிருக்கிறான்.

பதினான்கு வயதுப் பெண்ணுக்குக் கட்டாயக் கல்யாணம் என்பது வெளிநாட்டுக் கற்பனையாக எங்கள் பெண் பிள்ளைகளுக்குப் படவில்லை. பள்ளியில் கேள்விப்பட்டிருக்கிறார்கள். பெண்ணுக்கு 18 வயது ஆகவேண்டும் என்பதும் தெரியும். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி ஒருத்தி பள்ளியில் பேசியே இருக்கிறாள். அந்த அத்தியாயம் முடிந்ததும் ஆச்சி, "எனக்கும் பதினாலுதான்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார்.

கோடு போட்ட பெண் கேட்டாள்: "ஆச்சி, நீங்க கையெழுத்துப் போட்டீகளா?"

"நான் எங்க போட்டேன், ஆத்தா? இசைகுடிமானம் எழுதுவாக. ரெண்டு வீட்டுப் பெரியவுக கையெழுத்து. பொண்ண யாரு கேட்டா?"

நகரத்தார் கல்யாணத்தில் எழுதப்படும் ஒப்பந்தம்தான் இசைகுடிமானம். பிள்ளைகளில் பலர் அந்தப் பேரைக் கேட்டதே அன்றுதான். தங்கள் வீட்டுத் தாளைக் காட்டச் சொல்லி இரண்டு பிள்ளைகள் வீட்டில் கேட்டிருக்கிறார்கள். மறுவாரம் வயலட் மேடையில் கையெழுத்திடுகிறாள். வலக்கைப் பழக்கமுள்ளவள் இடக்கையால் போடுகிறாள். தன் கையால் போட வேண்டும் என்று சட்டம் சொல்வதால் கல்யாணம் செல்லாது என்று வாதாடுகிறாள், நீதிபதியம்மாவும் ஒப்புக்கொள்கிறார். ஒரு கையெழுத்து யாருடையது, எந்தக் கை என்பதெல்லாம் இவ்வளவு கனக்கும் என்று பிள்ளைகள் உணர்ந்தது ஆச்சி சொன்ன பதிலுக்கு அப்புறம்தான். ஆச்சி கைதட்டினார்.

அத்தோடு முடியவில்லை. விளக்கணைந்த இருட்டில் ஓலாஃப் தப்பிவிடுகிறான். நீதிபதியம்மா பிள்ளைகளைத் தானே வளர்க்கிறேன் என்கிறார். உறவினர்தான் வளர்க்க வேண்டும் என்று உயில் சொல்வதாக மிஸ்டர் போ மறுத்துவிடுகிறார். பேரேட்டில் வரவிலும் 'சட்டம்', பற்றிலும் 'சட்டம்' என்று எழுதினாள் அந்தப் பெண். அதற்கு மேல் நான் விளக்கம் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று செய்தோம். மிஸ்டர் போ மாதிரி ஒருவர் கேட்கவில்லையென்றால் அடுத்தது யார் என்று ஒவ்வொருவரும் தன் வாழ்க்கைக்கு ஒரு வரிசை எழுதினார்கள். அம்மா, அத்தை, வகுப்பாசிரியை என்று போனது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098 எல்லோர் தாளிலும் ஏறியது. அந்தத் தாள்களை நான் வாங்கிப் பார்க்கவில்லை, அவரவர் பையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாவை முன்கூட்டிச் சொல்லும் கதை

இரண்டாம் நூலில் பாம்புகளை ஆராயும் மான்டி மாமா வருகிறார். நல்லவர், பிள்ளைகளைக் கொண்டாடுகிறார். அவர் சாகப்போகிறார் என்று கதைசொல்லி தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். ஒரு சிறுமி அழுதாள். அடுத்த வாரம் வரமாட்டேன் என்றாள், வரவுமில்லை. அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்க் கதை சொல்லியிருக்கிறான். அதற்கடுத்த வாரம் வந்தாள்.

இது சரியா தவறா என்று பெரிய சண்டையே நடந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு கட்சி. சொன்னதால்தான் மாமா பேசுகிற ஒவ்வொரு பேச்சையும் கவனித்தோம் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாம் கட்சி. மாமா உயிரோடு இருந்த வாரங்களில் பிள்ளைகள் அவர் சொன்ன சின்னச் சின்ன விஷயங்களை வரவில் எழுதியிருக்கிறார்கள், துப்பே இல்லாதவற்றைக்கூட. வேறெந்தப் பாத்திரத்துக்கும் அப்படி எழுதவில்லை.

ஸ்டெஃபானோ என்ற பெயரில் உதவியாளனாக வருபவன் ஓலாஃப்தான் என்று பிள்ளைகளுக்கு முதல் வரியிலேயே தெரியும். யார் குற்றவாளி என்பதில் இந்தத் தொடரில் மர்மம் இல்லை, எப்படி நிரூபிப்பது என்பதில்தான் இருக்கிறது. கணுக்காலில் பூச்சு பூசிப் பச்சையை மறைத்திருக்கிறான்; துடைத்ததும் தெரிகிறது. பேரேட்டில் 'கணுக்கால்' என்று பெரிதாக எழுதி வட்டம் போட்டார்கள். மூன்றாம் நூலில் கேப்டன் ஷாம் மரக்காலோடு வந்து நின்றதும் தந்தையில்லாத அந்தப் பையன் எழுந்தே விட்டான்: "பச்சைய மறைக்கத்தான் மரக்கால்!" பல வாரம் கழித்து அந்த மரக்காலைச் சன்னி கடித்து உடைக்கும் இடம் வந்தபோது, பழைய பக்கத்தைத் திருப்பி அவனே கோடு இழுத்தான்.

தமிழுக்கு வராத கடிதம்

மூன்றாம் நூலில் ஜோசஃபைன் அத்தை எழுதி வைத்த கடிதத்தில் வேண்டுமென்றே விட்ட இலக்கணப் பிழைகள் இருக்கின்றன. பிழைகளைச் சேர்த்தால் அவர் ஒளிந்திருக்கும் குகையின் பெயர் வரும். ஆங்கிலம் நன்றாகத் தெரியாத பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் நான் விடையைச் சொல்வதைத் தவிர வழியில்லை. அது புதிரைத் திருடிக்கொள்வதாகும். அதனால் நானே தமிழில் ஒரு கடிதம் எழுதினேன். 'குடை' வரவேண்டிய இடத்தில் 'கூடை', ன் வரவேண்டிய இடத்தில் ண், ற வரவேண்டிய இடத்தில் ர, ஓரிடத்தில் ஒற்று விடுபட்டது, இப்படி ஆறு பிழை. சரியான எழுத்துகளை வரிசையாக எடுத்தால் 'குன்றக்குடி'.

சத்தமாகப் படித்த யாருக்கும் பிடிபடவில்லை. நம் பேச்சில் ண்-ன், ர-ற வேறுபாடு காதுக்குத் தெரிவதில்லை. தமிழ்வழியில் படிக்கும் சிறுமி ஒருத்தி தாளைக் கையில் வாங்கி விரல் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள். குன்றக்குடி மலையில் குடைவரைக் குகைகள் இருப்பதையும் அவளே சொன்னாள். அதுவரை ஆங்கிலவழிப் பிள்ளைகள் அவளுக்குக் கதையை விளக்கிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து அந்த விளக்கம் நின்றது. இந்தத் தொடரைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் படிக்க நினைப்பவர்கள் இப்படியான இடங்களுக்குத் தமிழிலேயே புதிர் செய்துகொள்ள வேண்டும். உழைப்பு அதிகம்தான், ஆனால் தவிர்க்கக்கூடாத உழைப்பு.

கதவுப் பிடி உடைந்து கண்ணில் தெறிக்கும் என்றெல்லாம் பயப்படும் ஜோசஃபைன் அத்தையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர்கள், கடைசியில் தன் உயிருக்காகப் பிள்ளைகளை ஓலாஃபிடம் விட்டுக்கொடுக்க அவர் முன்வந்ததும் கொதித்துப் போனார்கள். ஓலாஃப் செய்த எதற்கும் இவ்வளவு கோபம் வரவில்லை.

ஒரு மறுப்பு

ஒரு குடும்பம் பாதியில் தங்கள் பிள்ளையை நிறுத்திவிட்டது. "சாவு, சொத்து, கட்டாயக் கல்யாணம். இதச் சிரிச்சுக்கிட்டே சொல்றது பிள்ளைகளுக்கு எதுக்குங்க?" என்று தகப்பனார் கேட்டார். அவர் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் எல்லா நேரத்திலும் இது ஏற்றதல்ல. படிப்பவர் பக்கத்தில் இருந்து, அத்தியாயத்துக்குப் பிறகு உட்கார்ந்து பேச நேரமில்லையென்றால் இந்தத் தொடரைத் தொடவேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் சாவும் சொத்துச் சண்டையும் எங்கள் பிள்ளைகள் அறியாதவை அல்ல. பங்கு ஒத்துவராமல் வீடுகள் இடிக்கப்படுவதையும், தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்பதையும் பார்த்து வளர்கிறார்கள். வீட்டில் பேசினால் "சின்னப் பிள்ளைக்கு என்ன பேச்சு" என்ற பதில் வரும். கதையில் பேசலாம். சிரிப்பு இருந்ததால்தான் பேச முடிந்தது.

இனி

இந்த ஆய்வு ஒரே ஒரு வட்டத்தைப் பற்றியது. வீட்டில் ஆச்சி இல்லாமல் இருந்திருந்தால் பாதி நடந்திருக்காது. பிள்ளைகள் மட்டும் கூடும் வட்டத்தைவிட, கேள்வி கேட்கப்படச் சம்மதிக்கும் ஒரு மூத்தவர் உள்ள வட்டமே இந்தத் தொடருக்குப் பொருத்தம். கதையில் வரும் பெரியவர்கள் பதில் சொல்லாததை, எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் பிள்ளைகள் கேட்டுக்கொள்கிறார்கள்.

ஐந்தாம் நூலிலிருந்து கதை திசை மாறுகிறது. மூன்று எழுத்துகளில் ஒரு ரகசிய அமைப்பு தலைகாட்டுகிறது, துப்புகள் நூல் விட்டு நூல் தாண்டுகின்றன. பத்தாம் நூலில் வரும் சர்க்கரைக் கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தொடர் கடைசிவரை சொல்வதில்லை. இதைப் பிள்ளைகளிடம் நான் சொல்லவில்லை, விதிப்படி சொல்லவும் முடியாது. பேரேட்டில் சில கணக்குகள் நேராகாமலே நிற்கும், அவற்றை நிரப்ப நானாக ஒரு விடையை உண்டாக்கிச் சொல்வதில்லை என்று இப்போதே முடிவு செய்திருக்கிறேன். நூல் தாண்டும் துப்புகளுக்குத் தனியாக ஒரு பேரேடு வாங்கியாகிவிட்டது. நான்காம் நூல் அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வாசிக்கப் போவது நானல்ல, கோடு போட்ட பெண். தமிழில் சொல்லப் போவது குன்றக்குடியைக் கண்டுபிடித்தவள்.